மலை மறைத்த வீட்டுக்கு ஒரு திசை ஆண்டெனா: பாலிக் புலாவ் சரிவில் ஒரு நிகழ்வு ஆய்வு

பினாங்குத் தீவின் நடுவே வடக்குத் தெற்காகச் செல்லும் மலைத்தொடருக்குக் கிழக்கே ஜார்ஜ் டவுனும் பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையும் இருக்கின்றன. மேற்கே பாலிக் புலாவ் இருக்கிறது. மலாய்மொழியில் அந்தப் பெயருக்குத் தீவின் பின்புறம் என்று பொருள் சொல்வார்கள். சமவெளியில், நெல்வயல்களுக்கும் மீனவர் கம்பங்களுக்கும் (சிற்றூர்களுக்கும்) இடையே, தொலைத்தொடர்புக் கோபுரங்கள் போதுமான அளவுக்கு நிற்கின்றன. ஆனால் சரிவில் ஏறி, டுரியானும் ஜாதிக்காயும் வளரும் மலைமடிப்புகளுக்குள் நுழைந்துவிட்டால், கைத்தொலைபேசித் திரையில் ஒரு கோடுகூட நிலைத்து நிற்பதில்லை. என் மூத்த அக்காவும் அத்தானும் அப்படிப்பட்ட ஒரு மடிப்பில், கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 180 மீட்டர் உயரத்தில், பல ஆண்டுகளாக ஒரு பழத்தோட்டத்தைப் பார்த்துக்கொண்டு வாழ்கிறார்கள். அந்த வீட்டுக்கு நம்பகமான தொலைபேசித் தொடர்பைக் கொண்டுவந்த முயற்சியையும், அதில் நான் செய்த பிழைகளையும், அவை திருத்தப்பட்ட விதத்தையும் இங்கே முழுமையாகப் பதிவு செய்கிறேன்.

தேவை எப்படி எழுந்தது என்பதைச் சொல்லாமல் மற்றதைச் சொல்ல இயலாது. ஒரு டுரியான் பருவத்தில், இரவில் விழுந்த பழங்களைப் பொறுக்குவதற்காக விடியற்காலையில் இறங்கிய அத்தானுக்கு நெஞ்சுவலி வந்தது. வீட்டுக்குள் லைன் இல்லை. அக்கா டார்ச் விளக்கோடு மேலே உள்ள தண்ணீர்த் தொட்டி வரை ஏறி, தொலைபேசியைத் தலைக்கு மேல் பிடித்து, நான்காவது முறை அழைத்தபோதுதான் இணைப்பு கிடைத்தது. அத்தான் பிழைத்துக்கொண்டார், ஆனால் அந்த இருபது நிமிடங்களை அக்கா இன்றுவரை மறக்கவில்லை. “தம்பி, நீ அந்தக் காலத்து டிவிக்கு வைச்ச மாதிரி ஒரு ஏரியல் வைச்சுக் குடு” என்று அவர் கேட்டதுதான் இந்த வேலையின் தொடக்கம். நான் பாயான் லெப்பாஸில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையின் சோதனைப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். அளவுக் கருவிகளோடு பழக்கம் உண்டு. ஆண்டெனாக்களோடு அதுவரை எனக்குப் பழக்கம் இல்லை.

2020-இல் அறிவிக்கப்பட்ட, மலேசிய அரசின் தொலைத்தொடர்பு மேம்பாட்டுத் திட்டமான ஜென்டேலாவின் முதல் கட்டம், மக்கள் வாழும் பகுதிகளில் 96.9 விழுக்காட்டுக்கு 4ஜி சேவையைக் கொண்டுசெல்வதை இலக்காக வைத்தது. நாடு முழுவதும் 3ஜி சேவை 2021-ஆம் ஆண்டின் இறுதியோடு நிறுத்தப்பட்டது. தனித்தனியாகச் சரிவுகளில் இருக்கும் வீடுகள் அந்த விழுக்காட்டுக்கு வெளியே எஞ்சிவிடுவதில் வியப்பில்லை. ஒரு குடும்பத்துக்காக ஒரு கோபுரம் எழும் என்று காத்திருப்பதும் நடைமுறையில் பொருந்தாது.

முதல் முயற்சி

முதலில் இணையக் கடையில் ஒரு தட்டு வடிவ ஆண்டெனாவை வாங்கினேன். பெட்டியின்மேல் 35 டெசிபெல் பெருக்கம் என்று அச்சிட்டிருந்தார்கள். பெருக்கம் என்பது ஆண்டெனா ஒரு திசையில் அலையை எவ்வளவு குவிக்கிறது என்னும் அளவு; ஒவ்வொரு 10 டெசிபெலும் ஆற்றலில் பத்து மடங்கு. அதை நம்பியது என் முதல் பிழை. ஓர் ஆண்டெனாவின் பெருக்கம் அதன் பரப்பளவையும் அலைநீளத்தையும் பொறுத்தது. 1800 மெகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் ஏறத்தாழ 16.7 சென்டிமீட்டர். அந்த அலைவரிசையில், பக்கத்துக்கு 30 சென்டிமீட்டர் உள்ள சதுரத் தட்டு எந்த இழப்பும் இன்றி இயங்கினாலும் 16 டெசிபெலுக்கு மேல் தர இயலாது. 35 டெசிபெல் வேண்டுமானால் ஏழு சதுர மீட்டர், அதாவது மூன்று மீட்டர் விட்டமுள்ள ஒரு கிண்ணம் தேவைப்படும். கையில் அடங்கும் தட்டுக்கு 10 முதல் 12 டெசிபெல் என்பதே நம்பத் தகுந்த எண். நான் அதை 11 என்று எடுத்துக்கொண்டு மற்ற கணக்குகளைப் போட்டேன்.

இன்றைய கைத்தொலைபேசிகளில் வெளி ஆண்டெனாவை மாட்டும் துளை கிடையாது. ஆகவே, அத்தகைய துளைகள் உள்ள ஒரு 4ஜி ரவுட்டரில் சிம் அட்டையைப் போட்டு, அதற்கு ஆண்டெனாவை இணைத்து, வீட்டுக்குள் வைஃபை வழியாகத் தொலைபேசிகளைப் பேசவைப்பதுதான் வழி. ரவுட்டரை வரவேற்பறையில் வைத்தேன். ஆண்டெனாவைக் கூரையில் பொருத்தி, அதனோடு வந்த மெல்லிய கேபிளை 15 மீட்டருக்கு நீட்டி, வரைபடத்தில் மிக அருகில் தெரிந்த கோபுரத்தின் திசைக்குத் திருப்பினேன். அது 1.2 கிலோமீட்டர் தொலைவில் இருந்தது. விளைவு, வெறும் தொலைபேசியைத் திண்ணையில் வைத்துப் பார்த்ததைவிட எந்த வகையிலும் மேலாக இல்லை.

காரணம் இரண்டு. மெல்லிய கேபிள் 1800 மெகாஹெர்ட்ஸில் மீட்டருக்கு முக்கால் டெசிபெல் அளவுக்கு அலையைத் தின்றுவிடுகிறது. 15 மீட்டருக்கு 11 டெசிபெல். ஆண்டெனா ஈட்டியதை எல்லாம் கேபிள் அப்படியே செலவழித்துவிட்டது. அந்த இழப்பு போகும் வழியிலும் உண்டு: ரவுட்டர் அனுப்பும் 200 மில்லிவாட் ஆற்றலில் ஆண்டெனாவைச் சென்றடைந்தது 16 மில்லிவாட்தான். திரையில் இரண்டு கோடுகள் தெரிந்தும் அழைப்பு போகவில்லையே என்று மலையோரங்களில் பலர் குறைப்பட்டுக்கொள்வதன் பின்னணியும் இதுதான். கோடுகள் காட்டுவது கோபுரத்தின் குரல் நமக்குக் கேட்கிறதா என்பதை மட்டுமே. பல பத்து வாட் ஆற்றலில் பேசும் கோபுரத்துக்கு, கால் வாட்கூட இல்லாத நம் கருவியின் குரல் கேட்கிறதா என்பதை அவை சொல்வதில்லை.

இரண்டாவது காரணம் மலை. 1.2 கிலோமீட்டர் தொலைவிலிருந்த கோபுரத்துக்கும் வீட்டுக்கும் நடுவே மலையின் ஒரு முதுகு குறுக்கிட்டது. அதன்மேல் அடர்ந்த டுரியான் மரங்கள் வேறு. வரைபடத்தில் அருகில் இருப்பது அலைக்கு அருகில் இருப்பதாகாது என்பதை அதற்குப் பிறகுதான் நான் உணர்ந்தேன்.

அளவெடுத்த நாள்

அடுத்த முறை எதையும் வாங்குவதற்கு முன்பு ஒரு முழு நாளை அளவெடுப்பதற்கே ஒதுக்கினேன். இந்த வேலையில் மிகவும் பயன்பட்ட நாள் அதுவே. நான்கு நிறுவனங்களின் முன்கட்டண சிம் அட்டைகளையும், அலையின் விவரங்களை எண்களாகக் காட்டும் இலவசச் செயலி ஒன்றையும் வைத்துக்கொண்டு, வீட்டைச் சுற்றியும் தோட்டத்தின் மேற்பகுதியிலும் காலை, மதியம், இரவு ஒன்பது மணி என மூன்று வேளை நடந்தேன். இரவில் அளப்பதற்குக் காரணம் உண்டு: ஊரே வீடு திரும்பிக் கைத்தொலைபேசியைத் திறக்கும் நேரத்தில் கோபுரத்தின் உண்மையான தாங்குதிறன் தெரிந்துவிடும்.

கவனிக்க வேண்டிய எண்கள் இரண்டு. ஆர்எஸ்ஆர்பி என்பது அலையின் வலிமை. அதை டிபிஎம்மில், அதாவது ஒரு மில்லிவாட்டோடு ஒப்பிட்ட டெசிபெலில் சொல்வார்கள். அது மைனஸ் 80 டிபிஎம்மை ஒட்டியிருந்தால் மிக நன்று. மைனஸ் 110-க்குக் கீழே தடுமாற்றம் தொடங்கும். மைனஸ் 120-ஐத் தாண்டினால் தொடர்பை நம்ப முடியாது. எஸ்ஐஎன்ஆர் என்பது தெளிவு, அதாவது நமக்கு வேண்டிய கோபுரத்தின் குரல் மற்ற கோபுரங்களின் இரைச்சலைக் காட்டிலும் எவ்வளவு ஓங்கி ஒலிக்கிறது என்னும் விகிதம். 4ஜியில் ஒரு நிறுவனத்தின் அக்கம்பக்கக் கோபுரங்கள் ஒரே அலைவரிசையில் பேசுவதால், வலிமை நன்றாக இருந்தும் தெளிவு இல்லாமல் போவது உண்டு. எந்தக் கோபுரம் பேசுகிறது என்பதை அறிய, அதன் ஒவ்வொரு முகத்துக்கும், அதாவது ஒவ்வொரு திசையை நோக்கிய பிரிவுக்கும், 0 முதல் 503 வரை ஏதேனும் ஓர் அடையாள எண் இருக்கிறது. செயலி அதையும் காட்டும். அந்த எண்களை எழுதிவைக்காமல் அளந்தால், இரண்டு கோபுரங்களை மாற்றிமாற்றி அளந்துவிட்டு அலை ஏறி இறங்குகிறது என்று தவறாக எண்ணிக்கொள்வோம்.

வீட்டுக்குள் மைனஸ் 121, பெரும்பாலும் அதுவும் இல்லை. திண்ணையில் மைனஸ் 116. வீட்டிலிருந்து 12 மீட்டர் உயரத்தில், மலையோடைத் தண்ணீர் வந்து நிறையும் தொட்டி நிற்கும் மேட்டில், ஒரு நிறுவனத்தின் அலை மட்டும் மைனஸ் 102. அது அருகிலிருந்த கோபுரத்திலிருந்து வரவில்லை. அங்கிருந்து பார்த்தால் மரங்களுக்கு நடுவே ஓர் இடைவெளியில் சமவெளி தெரிகிறது. அந்த இடைவெளியின் வழியாக, 4.5 கிலோமீட்டருக்கு அப்பால் நிற்கும் ஒரு கோபுரம் வெறும் கண்ணுக்கே புலப்பட்டது. அக்கா அன்று விடியற்காலையில் ஓடிச்சென்று நின்ற இடமும் அதுவே. கருவியின்றி, ஆண்டுக்கணக்கான பழக்கத்தால், அவர் அந்தத் தோட்டத்தின் சரியான இடத்தைக் கண்டுபிடித்து வைத்திருந்தார். அவரிடம் முதலிலேயே கேட்டிருந்தால் எனக்குப் பாதி வேலை குறைந்திருக்கும்.

கண்ணுக்குக் கோபுரம் தெரிவது மட்டும் போதாது. ரேடியோ அலை ஒரு நூலைப் போலச் செல்வதில்லை. ஃப்ரெனல் வலயம் எனப்படும், நடுவில் பருத்து இரு முனைகளிலும் ஒடுங்கும் ஒரு வெளியை நிரப்பிக்கொண்டு செல்கிறது. 4.5 கிலோமீட்டர் பாதையில், 1800 மெகாஹெர்ட்ஸுக்கு, நடுப்புள்ளியில் அதன் ஆரம் ஏறத்தாழ 14 மீட்டர். எங்களுக்கு நடுப்புள்ளி தாழ்ந்த சமவெளிக்கு மேலே அமைந்ததால் அங்கே கவலை இல்லை. கவலை தந்தது அருகில் இருந்த மரம். தொட்டியிலிருந்து 50 மீட்டர் தொலைவில் அந்த ஆரம் கிட்டத்தட்ட மூன்று மீட்டர். அதில் அறுபது விழுக்காடாவது தடையின்றி இருக்க வேண்டும் என்பது பொதுவான கணக்கு. இடைவெளியின் ஓரத்தில் நின்ற ஒரு பெத்தாய் மரத்தின் இரண்டு கிளைகளை அத்தானின் ஒப்புதலோடு வெட்டினோம். மழைத்துளி இந்த அலைவரிசைகளைப் பெரிதாகப் பாதிப்பதில்லை. நனைந்த இலைதான் பாதிக்கிறது. மழை பெய்தால் லைன் போய்விடுகிறது என்று தோட்டப்புறத்தில் சொல்வதில் உண்மை இருக்கிறது.

திசை திருப்பியபோது

திசை ஆண்டெனா அலையைப் புதிதாக உண்டாக்குவதில்லை. அதற்கு மின்சாரம் எதுவும் தேவையில்லை. எல்லாப் பக்கமும் சிதறிக்கிடக்கும் கவனத்தை ஒரு பக்கமாகக் குவிப்பதே அதன் தொழில். ஆகவே, ஒரு பக்கத்தை நன்றாகக் கேட்பதற்கு இணையாக மற்றப் பக்கங்களுக்குச் செவிடாக இருப்பதும் அதன் பயன். அந்தச் செவிட்டுத்தன்மையின் மதிப்பை நான் தொட்டி மேட்டில்தான் கண்டேன். மடிப்புக்குள் இருந்த வீட்டில் எந்தக் கோபுரமும் சரியாகக் கேட்கவில்லை. மேட்டிலோ ஒரே நேரத்தில் ஐந்து கோபுர முகங்கள் கேட்டன. வெறும் தொலைபேசியில் வலிமை மைனஸ் 102 இருந்தும் தெளிவு 1 டெசிபெல்தான். உயரம் தொடர்பைத் தந்தது, அதோடு இரைச்சலையும் தந்தது.

ஆண்டெனாவை இரும்புக் குழாயில் பொருத்தி, பத்துப் பத்துப் பாகையாகத் திருப்பி, ஒவ்வொரு நிலையிலும் இரண்டு நிமிடம் காத்திருந்து எண்களைக் குறித்தேன். கோபுரத்துக்கு நேராக நின்றபோது வலிமை மைனஸ் 90, தெளிவு 9. மற்றொரு கோபுரம் தெற்கே சற்று ஒதுங்கி, அதே அலைவரிசையில் ஓங்கி ஒலித்துக்கொண்டிருந்தது. ஆண்டெனாவை வேண்டிய கோபுரத்திலிருந்து 20 பாகை வடக்கே விலக்கினேன். வலிமை மைனஸ் 91-க்கு இறங்கியது. தெளிவு 14-க்கு ஏறியது. இந்த வகைத் தட்டின் பார்வை ஏறத்தாழ 60 பாகை அகலமானது என்பதால், சிறிது விலகினால் நட்பான கோபுரத்தின் குரலில் குறைவது ஒரு டெசிபெல்தான். விளிம்பில் நிற்கும் பகைக் கோபுரத்தின் குரலோ அதே விலகலில் ஆறு டெசிபெல் குறைந்துவிடுகிறது. வலிமையை மட்டும் பார்த்து ஆண்டெனாவை முடுக்கிவிட்டு இறங்குகிறவர்கள் இந்த ஆதாயத்தை இழக்கிறார்கள். இந்த ஆய்வில் மற்றவர்களுக்கு நான் வற்புறுத்திச் சொல்ல விரும்புவது இதைத்தான்: கடைசி முடிவைத் தெளிவு எண்ணை வைத்தே எடுக்க வேண்டும்.

ஆண்டெனாவுக்குள் இரண்டு உறுப்புகள் ஒன்றுக்கொன்று குறுக்காக, 45 பாகைச் சாய்வில் இருக்கின்றன. 4ஜி இரண்டு ஓடைகளாகத் தரவை அனுப்புவதால் இரண்டு கேபிள்களையும் இணைக்க வேண்டும். ஒன்றை மட்டும் இணைத்துவிட்டு வேகம் போதவில்லை என்று சொல்வதில் நியாயமில்லை.

ரவுட்டரை மேலே ஏற்றியது

தொட்டி மேட்டிலிருந்து வீட்டுக்கு 60 மீட்டர். தடித்த, இழப்புக் குறைந்த கேபிளே என்றாலும் மீட்டருக்கு 0.19 டெசிபெல் வீதம் அந்தத் தொலைவில் 11 டெசிபெலுக்கு மேல் போய்விடும். விலையும் ஆண்டெனாவின் விலையைப் பல மடங்கு தாண்டும். ஆகவே ஆண்டெனாவை வீட்டுக்குக் கொண்டுவருவதை விட்டுவிட்டு, ரவுட்டரை ஆண்டெனாவிடம் கொண்டுசென்றேன். நீர் புகாத பெட்டியில் ரவுட்டர், அதற்கும் ஆண்டெனாவுக்கும் இடையே ஒரு மீட்டர் கேபிள் மட்டும், அங்கிருந்து வீட்டுக்கு வலைப்பின்னல் கேபிள். வலைப்பின்னல் கேபிள் 100 மீட்டர் வரை தரவை இழப்பின்றிக் கொண்டுசெல்லும்; அதே கேபிளின் வழியாக மின்சாரத்தையும் மேலே அனுப்பலாம்.

அந்த மின்சாரத்தில் இன்னொரு தவறு நேர்ந்தது. ரவுட்டரின் 12 வோல்ட் மின்சாரத்தை அப்படியே கேபிளில் ஏற்றினேன். பகலில் நன்றாக இயங்கியது. இரவில் யாராவது காணொளி அழைப்பைத் தொடங்கினால் அணைந்து மறுபடி எழுந்தது. 60 மீட்டர் கேபிளில், போவதற்கு இரண்டு இழை, வருவதற்கு இரண்டு இழை என்று எடுத்துக்கொண்டால், மொத்தத் தடை ஏறத்தாழ நான்கு ஓம். ரவுட்டர் முழு வேகத்தில் ஓடி ஓர் ஆம்பியர் இழுக்கும்போது நான்கு வோல்ட் வழியிலேயே விழுந்து, மேலே சேர்வது எட்டு வோல்ட்தான். இணைப்பு பலவீனமானது என்று நினைத்து இரண்டு வாரம் ஆண்டெனாவையே சோதித்துக்கொண்டிருந்தேன். 48 வோல்ட்டில் அனுப்பி, பெட்டிக்குள் 12 வோல்ட்டாக இறக்கும் சிறு கருவியை வைத்தபின், இழுக்கும் மின்னோட்டம் கால் ஆம்பியராகக் குறைந்து, வழியில் விழுவது ஒரு வோல்ட்டாக நின்றது. அதற்குப் பிறகு அந்தக் கோளாறு வரவில்லை. கேபிள் வாங்கும்போது தூய செம்பு இழைதானா என்று கேட்டு வாங்க வேண்டும். செம்பு பூசிய அலுமினிய இழையில் இந்தத் தடை இன்னும் கூடும்.

நம் நாட்டில் இடிமின்னல் கடுமை. ஆண்டெனாக் குழாயைத் தொட்டியின் அருகில் புதைத்த செம்புக் கம்பியோடு தடித்த வடத்தால் இணைத்து, கேபிளின் இரண்டு முனைகளிலும் மின்னெழுச்சித் தடுப்பான் வைத்தோம். முதல் ஆண்டில் கீழ்முனைத் தடுப்பான் ஒன்று கருகியது, ரவுட்டர் தப்பியது. இந்த இடத்தில் ஒளியிழைக் கேபிள் போட்டு, ரவுட்டருக்கான மின்சாரத்தையும் மேலேயே தனியாக ஏற்பாடு செய்திருந்தால் மின்னல் கீழே வரும் வழி அறுந்திருக்கும் என்பது என் கருத்து. அடுத்த முறை கேபிள் மாற்ற நேர்ந்தால் அதைத்தான் செய்யப்போகிறேன். வெயில் படாமல் பெட்டியைத் தொட்டியின் நிழலில் வைத்தோம். மூன்றாம் மாதத்தில் எறும்புகள் உள்ளே கூடு கட்டியதால், காற்றுத் துளைகளுக்கு நுண்வலை ஒட்டினோம்.

இந்த வேலை நடந்துகொண்டிருந்தபோது, ரிப்பீட்டர் வைத்துவிடலாமே என்று பலர் யோசனை சொன்னார்கள். கோபுர அலையை வாங்கி, பெருக்கி, வீட்டுக்குள் மறுபடி வெளியிடும் அந்தக் கருவியைத் தனியாட்கள் அனுமதியின்றி வைக்கக் கூடாது. 1998-ஆம் ஆண்டுத் தொடர்பு பல்லூடகச் சட்டத்தின் கீழ் அது குற்றம். மலேசியத் தொடர்பு பல்லூடக ஆணையமும் இதுபற்றித் தொடர்ந்து எச்சரித்து வருகிறது. சட்டத்துக்கு அப்பால் ஒரு நியாயமும் இருக்கிறது. தரம் குறைந்த ரிப்பீட்டர் தன் ஒலியைத் தானே கேட்டு ஊளையிடத் தொடங்கினால், கோபுரத்தின் காது அடைத்து, அந்தக் கோபுரத்தை நம்பியிருக்கும் கம்பம் முழுவதற்கும் சேவை கெடும். நம் வீட்டு அவசரத்துக்காக மற்றொரு வீட்டின் அவசர அழைப்பைத் தடுத்துவிடக் கூடாது. மலேசியத் தரச்சான்று நிறுவனமான சிரிமின் சான்று பெற்ற ரவுட்டரோடு, எதையும் பெருக்கி வெளியிடாத திசை ஆண்டெனாவை இணைப்பதில் அந்தச் சிக்கல் எழுவதில்லை.

இன்றைய நிலை

வீட்டுக்குள் வைஃபை வழியாக இறக்க வேகம் இரவிலும் நொடிக்கு 25 மெகாபிட்டுக்குக் குறைவதில்லை. ஏற்ற வேகம் 6. அதைவிட முக்கியமானது அழைப்பு. அத்தானின் தொலைபேசியில் வைஃபை அழைப்பு வசதி இருந்தது. அமைப்பில் அதைத் திறந்ததும் வழக்கமான எண்ணிலேயே அழைப்புகள் வரவும் போகவும் தொடங்கின. அக்காவின் பழைய தொலைபேசியில் அந்த வசதி இல்லாததால் அதை மாற்ற வேண்டியிருந்தது. கருவிகளை வாங்குவதற்கு முன்பே இதைச் சரிபார்த்துவிட வேண்டும்; இல்லையென்றால் இணையம் இருந்தும் சாதாரண அழைப்பு இல்லாத வீடாகப் போய்விடும். மின்சாரம் போனால் எல்லாமே நின்றுவிடும் என்பதால் ஒரு சிறிய யுபிஎஸ் வைத்திருக்கிறோம்; நான்கு மணி நேரம் தாங்குகிறது. 999-ஐ அழைத்தால் தோட்டத்துக்கு வரும் வழியைப் பதற்றமின்றிச் சொல்வதற்காக, சாலைப் பிரிவிலிருந்து வீடு வரையிலான குறிப்பைத் தமிழிலும் மலாயிலும் எழுதித் தொலைபேசி வைக்கும் மேசைக்கு மேலே ஒட்டியிருக்கிறோம். மொத்தச் செலவு, தவறாகப் போனவற்றையும் சேர்த்து, ஏறத்தாழ 900 ரிங்கிட்.

பெத்தாய் மரம் மறுபடி துளிர்க்கிறது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை நான் தெளிவு எண்ணைப் பார்த்து, அது 12-க்குக் கீழே வந்தால் கிளையை வெட்டச் சொல்கிறேன். வைஃபை வீட்டைச் சுற்றி முப்பது மீட்டருக்கு எட்டுகிறது. மரங்களுக்கு அடியில், பழம் பொறுக்கும் சரிவில், இன்றும் லைன் இல்லை. அங்கே இரண்டாவது வைஃபை முனை ஒன்றை வைக்க இடம் பார்த்து வருகிறோம். அதுவரை, விடியற்காலையில் கூடையோடு இறங்குவதற்கு முன்பு அத்தான் அக்காவை எழுப்பி, எந்த மரத்தடிக்குப் போகிறார் என்று சொல்லிவிட்டே இறங்குகிறார்.